புயல் படுத்த பிறகு வரும் மழை: அமெரிக்க வானிலைச் சேவை நியூ ஜெர்சிக்கு எவ்வளவு கைகொடுக்கிறது?

ஆகஸ்ட் கடைசி வாரம். லூசியானாவில் ஹரிக்கேன் கரையேறுகிறது. டிவிக்காரர்கள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, கம்பத்தைப் பிடித்தபடி இரண்டு நாள் பேசுகிறார்கள். பிறகு 'வலுவிழந்தது' என்று ஒரு வரி சொல்லிவிட்டு வேறு செய்திக்குப் போய்விடுகிறார்கள். நியூ ஜெர்சியின் எடிசனிலும் பிஸ்கட்டவேயிலும் இருக்கிறவர்களுக்கு அது எங்கோ தெற்கே நடந்த சமாச்சாரம். மூன்றாம் நாள் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில், சுரங்கப்பாதைக்குள் கார் மிதக்கிறது.

2021-ல் ஐடா இப்படித்தான் வந்தது. ஆகஸ்ட் 29-ல் லூசியானாவின் போர்ட் ஃபோர்ஷோன் அருகே மணிக்கு 150 மைல் காற்றுடன் கரை கடந்தது. செப்டம்பர் 1 இரவு நியூ ஜெர்சிக்கும் நியூயார்க்குக்கும் வந்தபோது அது புயலே அல்ல, புயலின் மிச்சம். அந்த மிச்சம்தான் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம், அதாவது 80 மில்லிமீட்டர், கொட்டியது. நியூ ஜெர்சியில் இறந்தவர்களில் பெரும்பாலோர் வாகனங்களில் சிக்கியவர்கள். நியூயார்க் நகரத்தில் இறந்த 13 பேரில் 11 பேர் பேஸ்மென்ட் வீடுகளில் இருந்தவர்கள். யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று சும்மாவா சொன்னார்கள்.

இந்த மாதிரி மிச்சம் வரும்போது அமெரிக்க அரசின் வானிலைத் துறையான நேஷனல் வெதர் சர்வீஸ் தரும் இலவசச் சேவை நியூ ஜெர்சிவாசி ஒருவருக்கு எந்த அளவு பயன்படுகிறது என்பதே இங்கே கேள்வி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எவ்வளவு மழை, எந்த வட்டாரம், எப்போது என்ற மூன்றுக்கும் இதைவிட நல்ல பொதுச் சேவை அங்கே கிடையாது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை, காரணத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். ஆனால் கடையில் சரக்கு நான்கு கவுன்ட்டர்களில் பிரிந்து கிடக்கிறது. எல்லோரும் வரிசையில் நிற்கும் முதல் கவுன்ட்டர், நமக்குத் தொல்லை தொடங்கும் நேரம் பார்த்து மூடிவிடுகிறது.

முதல் கவுன்ட்டர்: மயாமியின் கூம்பு

மயாமியில் உள்ள நேஷனல் ஹரிக்கேன் சென்டரின் வெள்ளைக் கூம்புப் படம் எல்லோருக்கும் தெரியும். கிழக்கு நேரப்படி கோடையில் காலை 5, 11, மாலை 5, இரவு 11 என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புது அறிக்கை. கரையோரத்துக்கு எச்சரிக்கை அமலில் இருந்தால் நடுவில் 2 மணிக்கும் 8 மணிக்கும் இன்னொன்று. நேரம் தவறுவது அபூர்வம்.

கூம்பு எதைக் காட்டுகிறது என்பதில்தான் குழப்பம். கடந்த ஐந்து ஆண்டுகளில் புயலின் மையத்தைக் கணித்ததில் எவ்வளவு பிசகினார்கள் என்று கணக்கெடுத்து, மூன்றில் இரண்டு பங்கு தடவை மையம் உள்ளே விழும் அளவுக்கு வட்டம் போட்டு, அந்த வட்டங்களை இணைத்து வரைவது அது. புயலின் அகலம் அதில் இல்லை. மழை அறவே இல்லை. மூன்றில் ஒரு தடவை மையமே கூம்புக்கு வெளியே போகும் என்பதும் அந்தக் கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. 'நம்ம ஊர் கூம்புக்கு வெளியேதான் இருக்கு' என்று நிம்மதி அடைவது ரயில் பாதையைப் பார்த்துவிட்டு ரயிலின் நீளத்தைச் சொல்வது போல.

பெரிய குறை இனிமேல்தான். கரையோர எச்சரிக்கைகள் விலக்கப்பட்டு, புயல் உள்நாட்டில் வெறும் டிப்ரெஷனாகச் சுருங்கியதும், மயாமி அந்தக் கோப்பை மேரிலாந்து காலேஜ் பார்க்கில் இருக்கும் வெதர் பிரெடிக்‌ஷன் சென்டரிடம் ஒப்படைத்துவிடுகிறது. நிர்வாகத்துக்கு அது சரியான ஏற்பாடு, ஏனென்றால் மழைக் கணிப்பில் கைதேர்ந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பார்க்கிறவருக்கோ கூம்பு மறைகிறது, வகை எண் மறைகிறது, 'போஸ்ட் டிராபிகல்', 'ரெம்னன்ட் லோ' என்று பெயருக்கு முன்னால் வால் முளைக்கிறது. ஆபத்து தீர்ந்தது என்றுதான் எவரும் எடுத்துக்கொள்வார்கள்.

காற்றின் வேகத்தை வைத்துப் போடும் 1 முதல் 5 வரையிலான வகை எண்ணுக்கும் மழைக்கும் சம்பந்தமில்லை. மையத்தின் காற்று அடங்கினாலும், அது மெக்சிகோ வளைகுடாவிலிருந்து இழுத்து வந்த ஈரம் அப்படியே மேலே நிற்கிறது. தரையிலிருந்து உச்சி வரையிலான காற்றுத் தூணில் உள்ள ஈரத்தை மொத்தமாகப் பிழிந்தால் 2 அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வரும் அளவுக்கு இருக்கும். காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயின்ட் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடும். சென்னையில் வளர்ந்தவருக்கு 24 செல்சியஸ் டியூ பாயின்ட் சாதாரண நாள்தான், அதனால் தோல் அதை ஆபத்தாக உணராது. நியூ ஜெர்சியில் அது எச்சரிக்கை மணி. இந்த ஈரக்காற்று வடமேற்கிலிருந்து இறங்கும் முகப்பு ஒன்றில், அதாவது குளிர்காற்றும் வெப்பக்காற்றும் சந்திக்கும் எல்லையில், போய் முட்டினால், முகப்பின் மேல் ஏறி ஒரே வரிசையில் மேகம் மேகமாகப் பிறக்கிறது. ரயில் பெட்டிகள் போல ஒன்றன்பின் ஒன்றாக அதே ஊரின் மேல் போவதால் இதற்கு 'டிரெயினிங்' என்றே பெயர். ஐடாவில் நடந்தது இதுதான். இப்படி முகப்போடு கலக்கும்போது கனமழை பெரும்பாலும் மையப் பாதையின் இடது பக்கம் விழுகிறது, சூறைச்சுழல் காற்று வலது பக்கம். ஐடா அன்று தெற்கு நியூ ஜெர்சியின் முல்லிகா ஹில்லில் இஎஃப்-3 டொர்னாடோ வீடுகளைப் பெயர்த்தது. வடக்கே வெள்ளம்.

இன்னொரு விநோதமும் உண்டு. சில புயல்கள் வருவதற்கு ஒன்றரை நாள் முன்பே, ஆயிரம் கிலோமீட்டர் முன்னால், அவற்றின் ஈரம் மட்டும் தனியாக ஓடிவந்து கொட்டும். இதை முன்னோடி மழை என்கிறார்கள். புயல் இன்னும் கரோலினாவில் இருக்கிறதே என்று நினைத்திருப்பவர் வீட்டுப் பேஸ்மென்ட் அதற்குள் நனைந்திருக்கும்.

இரண்டாவது கவுன்ட்டர்: ஆட்கள் கம்மி, சரக்கு ஒசத்தி

வெதர் பிரெடிக்‌ஷன் சென்டரின் 'எக்ஸெஸிவ் ரெயின்ஃபால் அவுட்லுக்' என்ற வரைபடம்தான் இந்தச் சேவையிலேயே சிறந்த பொருள். ஒரே ஒரு பக்கத்தைத்தான் புக்மார்க் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யலாம். அடுத்த ஐந்து நாட்களுக்கு, நாள்வாரியாக, நான்கு நிறங்களில் போடுகிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் திட்டமான எண் உண்டு. ஓர் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள் (40 கிலோமீட்டர்) திடீர் வெள்ளம் வரவழைக்கும் அளவைத் தாண்டி மழை பெய்ய வாய்ப்பு குறைந்தது 5 சதவீதம் என்றால் 'மார்ஜினல்', பச்சை. 15 என்றால் 'ஸ்லைட்', மஞ்சள். 40 என்றால் 'மாடரேட்', சிவப்பு. 70 அல்லது அதற்கு மேல் 'ஹை', இளஞ்சிவப்பு.

'ஹை' போடுவதில் அவர்கள் மகா கஞ்சர்கள். ஆண்டில் 4 சதவீதத்துக்கும் குறைவான நாட்களில்தான் நாட்டின் ஏதாவது ஒரு மூலைக்காவது அது வரும். ஆனால் வெள்ளச் சாவுகளில் ஏறத்தாழ 40 சதவீதமும், வெள்ளச் சேதத்தில் 80 சதவீதத்துக்கு மேலும் அந்தச் சொற்ப நாட்களில் நடந்தவை என்று அந்த மையமே கணக்குக் காட்டியிருக்கிறது. ஐடா வந்த அன்று நம் வட்டாரத்தின் மேல் 'ஹை' இருந்தது. ஆக, கணிப்பு தவறவில்லை. அதைப் பார்த்தவர்கள்தான் குறைவு.

குறைகளும் இல்லாமல் இல்லை. முதலாவது பெயர் வைத்த லட்சணம். 'ஸ்லைட்' என்று கேட்டால் யாருக்குமே ஏதோ லேசான தூறல் என்றுதான் தோன்றும். நடைமுறையில் 15 முதல் 40 சதவீத வாய்ப்பு என்பது, கார் நிறுத்தும் இடத்தை மாற்றி யோசிக்க வேண்டிய நிலை. போதாததற்கு ஓக்லஹோமாவின் ஸ்டார்ம் பிரெடிக்‌ஷன் சென்டர், இடி, ஆலங்கட்டி, டொர்னாடோவுக்கு வேறொரு வரைபடம் போடுகிறது. அதிலும் மார்ஜினல், ஸ்லைட், மாடரேட், ஹை உண்டு, நடுவில் 'என்ஹான்ஸ்டு' என்று ஒன்று கூடுதல். ஒரே நாளில் ஒரே ஊருக்கு ஒன்றில் 'மாடரேட்', இன்னொன்றில் 'மார்ஜினல்' வரும். வாட்ஸாப்பில் யாராவது படம் அனுப்பினால் தலைப்பில் 'ரெயின்ஃபால்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பயப்படுங்கள், அல்லது பயப்படாதீர்கள்.

இரண்டாவது, 'நாள்' என்பதன் எல்லை. இந்த வரைபடத்தில் நாள் என்பது நள்ளிரவில் மாறுவதில்லை, கோடையில் நம் நேரப்படி காலை 8 மணிக்கு மாறுகிறது. வியாழன் அதிகாலை 3 மணிக்கு வரும் மழை, புதன் என்று குறித்த படத்தில்தான் இருக்கும். வியாழன் படம் வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு 'புதன் ராத்திரியோடு முடிஞ்சுது' என்று படுக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது.

அதே மையத்தின் மழை அளவு வரைபடமும் நல்லதுதான், ஆனால் அதை வாசிக்கும் முறை வேறு. ஏழு நாள் மொத்தம் என்று ஒரு படம் சமூக ஊடகங்களில் சுற்றும். அதில் உங்கள் ஊருக்கு 4 அங்குலம் என்றிருந்தால் அது ஒரே நாளிலா, ஏழு நாளிலா என்று தெரியாது. ஆறு மணி நேரப் படங்களை மட்டும் பாருங்கள். அவையும் பரந்த இடத்துக்குச் சமன் செய்து போடப்பட்டவைதான். உண்மையில் 3 அங்குலம் என்ற வட்டத்துக்குள் ஒரு டவுனில் 1, பக்கத்து டவுனில் 7 என்று விழும். எண்ணை விட, அதிகபட்ச வட்டம் ஒவ்வொரு புதுப் படத்திலும் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது உபயோகமானது. அது தொடர்ந்து மூன்று தடவை உங்கள் பக்கமே நகர்ந்தால் சனிக்கிழமைப் பிறந்தநாள் விருந்தைத் தள்ளி வைக்கலாம்.

மொத்த அளவைக் காட்டிலும் வேகம்தான் வெள்ளத்தைத் தீர்மானிக்கிறது. 3 அங்குலம் ஒரு முழு நாளில் நிதானமாகப் பெய்தால் புல்வெளிக்கு நல்லது. அதே 3 அங்குலம் ஒரு மணி நேரத்தில் பெய்தால் எந்த நகரத்துச் சாக்கடையும் தாங்காது. 2021 ஆகஸ்ட் 21-ல் ஹென்ரி புயல் சென்ட்ரல் பார்க்கில் மணிக்கு 1.94 அங்குலம் பெய்து சாதனை படைத்தது. பதினோரே நாளில் ஐடா அதைத் தூக்கிச் சாப்பிட்டது. ஹென்ரி ஏற்கெனவே மண்ணை நனைத்துவிட்டதால் குடிக்க மண்ணில் இடமில்லாமல் போனதும் ஒரு காரணம். எவ்வளவு பெய்தால் எங்கே வெள்ளம் என்பதை ஒரு மணி, மூன்று மணி, ஆறு மணி நேரக் கணக்கில் 'ஃப்ளாஷ் ஃபிளட் கைடன்ஸ்' என்று வெளியிடுகிறார்கள். மண் நனைய நனைய அந்த எண் இறங்கும். முந்தின வாரம் ஒரு நல்ல மழை பெய்திருந்தால், இந்த வாரத்தின் அதே அளவு மழை முன்னதை விட ஆபத்தானது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது: உங்கள் வட்டார அலுவலகம்

முதலில் எந்த அலுவலகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும். நியூ ஜெர்சி இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பெர்கன், எஸெக்ஸ், ஹட்சன், பஸேயிக், யூனியன் ஆகிய வடகிழக்குக் கவுன்ட்டிகள் நியூயார்க் மாநிலம் அப்டனில் உள்ள அலுவலகத்தின் கீழ். மிடில்செக்ஸ், சாமர்செட், மோரிஸ், மெர்சர் உட்பட மற்றதெல்லாம் மவுன்ட் ஹாலியின் கீழ். எடிசனில் வீடும் ஜெர்சி சிட்டியில் வேலையும் என்றால் நீங்கள் இரண்டையும் பார்க்க வேண்டியவர். ஒரே மழைக்கு இரண்டு அலுவலகமும் வேறு வேறு நேரத்தில் எச்சரிக்கை கொடுக்கும், அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

வெதர் டாட் கவ் தளத்தில் ஊர் பெயரைத் தட்டினால் வரும் படங்களும் சதவீதமும் ஒப்புக்குச் சப்பாணி. '90 சதவீதம் மழை' என்பது துளி விழும் வாய்ப்பைச் சொல்கிறது, எவ்வளவு என்பதை அல்ல. ஐடாவுக்கும் 90 வரும், ஆடித் தூறலுக்கும் 90 வரும். அதே பக்கத்தில் கீழே 'ஃபோர்காஸ்ட் டிஸ்கஷன்' என்று ஒரு சுட்டி ஒளிந்திருக்கும். அதுதான் பொக்கிஷம். பணியில் இருக்கும் முன்னறிவிப்பாளர் அதிகாலையிலும் பிற்பகலிலும் தன் கைப்பட எழுதுவது. எது நிச்சயம், எது இழுபறி, எந்தக் கணினி மாடல் எங்கே ஒத்துப்போகவில்லை என்பதையெல்லாம் ஒளிக்காமல் சொல்வார்கள். வழவழப்பான எந்தச் செயலியிலும் இது கிடைக்காது.

எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். சில சொற்களை மட்டும் தேடுங்கள். காற்றுத் தூணின் மொத்த ஈரத்தைக் குறிக்கும் 'பிடபிள்யூ' அல்லது 'பிவாட்' பக்கத்தில் 2 அங்குலம் அல்லது அதற்கு மேல் என்றிருந்தால் ஈரம் உச்சத்தில் இருக்கிறது. 'டிரெயினிங்', 'ஸ்டால்' (நகராமல் நிற்பது), 'ஃப்ரண்டோஜெனெசிஸ்' (முகப்பு வலுப்பெறுவது) என்றால் மழை ஒரே இடத்தில் நிலைகொள்ளக்கூடும். 'வார்ம் க்ளவுட் டெப்த்' அதிகம் என்று எழுதியிருந்தால் இன்னும் உஷார். மேகத்தில் தண்ணீர் உறையும் உயரத்துக்குக் கீழே நாலு கிலோமீட்டர் போல வெதுவெதுப்பான பகுதி இருக்கும்போது, பனித்துகளின் உதவி இல்லாமலேயே துளிகள் ஒட்டி ஒட்டிப் பெருகி விழும். துளிகள் சிறிதாகவும் எண்ணற்றும் இருப்பதால் ரேடார் திரையில் அப்படியொன்றும் பயங்கரமாகத் தெரியாது, தரையில் மட்டும் ஆறாக ஓடும். இந்த ஒரு காரணத்துக்காகத்தான், ரேடார் எதிரொலியை மழை அளவாக மாற்ற வழக்கமான சூத்திரத்துக்குப் பதில் வெப்பமண்டல மழைக்கென்று தனிச் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். ரேடார் செயலியில் சிவப்பு இல்லையே, வெறும் மஞ்சள்தானே என்று கிளம்புவது எவ்வளவு தப்பு என்பது இதிலிருந்து விளங்கும்.

கைப்பேசியிலேயே இருக்கும் வானிலைச் செயலிகளையும் இங்கேயே பேசி முடித்துவிடலாம். 'இன்னும் 12 நிமிடத்தில் மழை' என்பதில் அவை கெட்டிக்காரத்தனமானவை, காரணம் ரேடாரில் தெரியும் மேகத்தை அப்படியே முன்னால் நகர்த்திப் பார்க்கின்றன. இன்னும் பிறக்காத மேகம் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. டிரெயினிங் மழையில் மேகம் பிறந்துகொண்டே இருக்கும். துணி காயப்போடச் செயலி போதும்.

எச்சரிக்கை மணி எப்போது அடிக்கும், எப்போது அடிக்காது

'ஃபிளட் வாட்ச்' என்றால் சூழல் கூடிவருகிறது, ஒன்றிரண்டு நாள் அவகாசம் உண்டு. 'ஃப்ளாஷ் ஃபிளட் வார்னிங்' என்றால் வந்துவிட்டது அல்லது வரப்போகிறது. இந்த வார்னிங்கிலேயே மூன்று படி இருப்பது பலருக்குத் தெரியாது. சாதாரணம், 'கன்சிடரபிள்', 'கேட்டஸ்ட்ரோஃபிக்'. மூன்றாவதுக்கு 'ஃப்ளாஷ் ஃபிளட் எமர்ஜென்சி' என்று பெயர். நியூயார்க் நகரத்துக்கு வரலாற்றிலேயே முதல் தடவையாக அது அறிவிக்கப்பட்டது ஐடா இரவில்தான்.

கைப்பேசியில் அலறும் அவசரச் செய்தி மேல் இரண்டு படிகளுக்கு மட்டுமே வரும். முன்பு எல்லா வார்னிங்குக்கும் வந்து, ஜனங்கள் எரிச்சலில் அமைப்பையே அணைத்துவைத்ததால் 2020-ல் குறைத்தார்கள். முடிவு நியாயமானதுதான். ஆனால் போன் அலறவில்லை என்பதற்காக வார்னிங்கே இல்லை என்று அர்த்தமில்லை. அலறல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் வருகிறது. ஊரிலிருந்து பேரப்பிள்ளையைப் பார்க்க வந்திருக்கும் அம்மா அப்பா பகலில் தனியாக வீட்டில் இருப்பார்கள், அவர்கள் கையிலிருக்கும் போனில் இந்திய சிம் இருக்கலாம், அல்லது எமர்ஜென்சி அலர்ட் அணைக்கப்பட்டிருக்கலாம். அமைப்புகளில் போய் அதை இயக்கிவையுங்கள். 'ஃப்ளாஷ் ஃபிளட்' என்று வந்தால் பேஸ்மென்டிலிருந்து மேலே வந்துவிட வேண்டும், வெளியே போகக் கூடாது என்று தமிழில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். இந்த வேலையை அரசாங்கம் செய்யவில்லை, இப்போதைக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

போனைவிட நம்பகமானது, வெதர் சர்வீஸின் அறிவிப்புகளை ஒலிபரப்பும் நோவா வெதர் ரேடியோ. 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகள், இருபத்திநாலு மணி நேரமும். செல் கோபுரம் விழுந்தாலும் இது பேசும். வாங்கும்போது, உங்கள் கவுன்ட்டிக்கு மட்டும் அலறவைக்கும் 'சேம்' வசதி உள்ளதா என்று பார்த்து வாங்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கோ இருக்கும் கவுன்ட்டிக்கெல்லாம் நடுராத்திரி அலறி, இரண்டாம் நாளே பிளக்கைப் பிடுங்கிவிடுவீர்கள். மிடில்செக்ஸுக்குக் குறியீடு 034023, சாமர்செட்டுக்கு 034035, ஹட்சனுக்கு 034017. ஆற்றோரம் என்றால் மேல்நிலையில் இருக்கும் பக்கத்துக் கவுன்ட்டியையும் சேர்த்துப் போடுங்கள். பேட்டரியை மறக்காதீர்கள், கரண்ட் போகும் இரவில்தான் இது தேவைப்படும்.

நான்காவது: ஆறு

மழை விட்டதும் எல்லோரும் வானிலைப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். ஆறு அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும். மில்ஸ்டோன் ஆறு ராரிட்டனில் கலக்கும் மேன்வில், அதற்குச் சற்றுக் கீழே இருக்கும் பவுண்ட் புரூக் போன்ற ஊர்கள் 1999-ன் ஃப்ளாய்ட் புயலிலும் 2021-ன் ஐடாவிலும் வெள்ளம் பார்த்தவை. ஐடா மழை இரவோடு நின்றது, ராரிட்டனின் உச்சம் மறுநாள்தான் வந்தது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே தெருவுக்குள் தண்ணீர் ஏறியது.

வாட்டர் டாட் நோவா டாட் கவ் என்ற தளம் 2024-ல் புதிதாக வந்தது. பழைய தளத்தைவிடப் பல மடங்கு மேல். ஆற்று அளவுமானியைத் தட்டினால் இப்போதைய மட்டம், வரப்போகும் மட்டம், எந்த மட்டத்தில் எந்தச் சாலை மூழ்கும் என்ற பட்டியல் எல்லாம் வரும். பட்டியலில் உங்கள் தெரு இருக்கிறதா என்று வெயில் நாளிலேயே பார்த்துவையுங்கள். வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு இதில் முன்னறிவிப்பு இருக்காது, பெரிய ஆறுகளில் தேர்ந்த இடங்களுக்கு மட்டும்தான். நெவார்க், எலிசபெத் மாதிரி கான்கிரீட் நகரங்களுக்கு ஆறே வேண்டாம், சாலையே ஆறாகும். அங்கே இந்த நான்காவது கவுன்ட்டரால் அவ்வளவு பயனில்லை.

கோடை முழுவதற்குமான நீண்டகாலக் கணிப்பு பற்றி ஒரு வார்த்தை போதும். 'இயல்பைவிட வெப்பம் கூடுதலாக இருக்க 40 முதல் 50 சதவீதம்' என்று மூன்று மாதத்துக்குச் சேர்த்து நிறம் பூசுவார்கள். ஜூன் முதல் தேதிக்கு முன்பே எத்தனை புயல் என்ற எண்ணும் வரும். எந்தப் புயலின் மிச்சம் நியூ ஜெர்சிக்கு வரும் என்பதற்கு இரண்டிலுமே பதில் கிடையாது. ஏர் கண்டிஷனர் வாங்கலாமா என்று யோசிப்பவருக்கு ஓரளவு உதவும். 0 முதல் 4 வரை போகும் 'ஹீட் ரிஸ்க்' வரைபடம் தனியாகப் பாராட்டத் தகுந்தது. புயல் போன பின் கரண்ட் இல்லாத வீட்டில் வெப்பம் ஆளைக் கொல்லும் என்பதை 2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டனில் காட்டியது. அதே பெரிலின் மிச்சம் இரண்டே நாளில் வெர்மான்ட்டை மூழ்கடித்தது, அதுவும் 2023 பெருவெள்ளத்தின் முதலாண்டு நாளிலேயே.

எப்படிப் பயன்படுத்துவது

வளைகுடாவிலோ கரோலினாவிலோ ஏதாவது கரையேறினால் அன்றிலிருந்து தினம் ஒருமுறை மழை வாய்ப்பு வரைபடம், அவ்வளவுதான். நான்காம் ஐந்தாம் நாள் கட்டத்தில் நியூ ஜெர்சியின் மேல் மஞ்சள் விழுந்தால் தினம் இருமுறை, கூடவே உங்கள் அலுவலகத்தின் டிஸ்கஷன். சிவப்பு வந்துவிட்டால் வீட்டு வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

பேஸ்மென்ட் உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, குழியில் சேரும் தண்ணீரை வெளியே தள்ளும் சம்ப் பம்ப். குழிக்குள் ஐந்து காலன் தண்ணீரைக் கொட்டுங்கள், மிதவை எழும்பி மோட்டார் ஓட வேண்டும். ஓடாவிட்டால் மிதவை சுவரில் சிக்கியிருக்கும் அல்லது பிளக் கழன்றிருக்கும். தண்ணீர் வெளியேறிய பிறகு குழிக்கே திரும்பி வந்தால், தண்ணீரைப் பின்னோக்கி வரவிடாத செக் வால்வு போய்விட்டது. பம்ப் ஓடியும் மூழ்கும் வீடுகளில் பெரும்பாலும் கரண்ட் போயிருக்கும், அதனால் பேட்டரி பேக்கப் இல்லாத பம்ப் பாதி பம்ப்தான். அடுத்தது கூரைத் தண்ணீர். 1,500 சதுர அடிக் கூரையில் 3 அங்குலம் பெய்தால் 2,800 காலன், அதாவது பத்தாயிரத்து அறுநூறு லிட்டர் சொச்சம், ஏறத்தாழ ஒரு தண்ணீர் லாரி. இறக்குக்குழாய் அதை அஸ்திவாரத்தின் காலடியில் கொட்டினால் எந்தப் பம்பும் ஈடுகொடுக்காது. நீட்டிப்புக் குழாய் மாட்டி வீட்டைவிட்டுத் தள்ளி விடுங்கள், கூரையோரக் கட்டரில் இருக்கும் இலையை அள்ளுங்கள், தெருமுனைச் சாக்கடை வாயையும் பாருங்கள்.

அன்றைக்கு வேலைக்குப் போவதா வேண்டாமா என்பதற்கு வெதர் பிரெடிக்‌ஷன் சென்டர் சில மணி நேரத்துக்கு முன் விடும் 'மீசோஸ்கேல்' மழை அறிக்கை உதவும். அதில் 'ஃப்ளாஷ் ஃபிளடிங் லைக்லி' என்றிருந்தால் மாலை நெரிசலுக்குக் காத்திராமல் மதியமே கிளம்புங்கள், இல்லையேல் அலுவலகத்திலேயே தங்குங்கள். ஓடும் தண்ணீர் 6 அங்குலம் ஆளைத் தள்ளும், 12 அங்குலம் சிறிய காரை இழுக்கும், 2 அடி பெரும்பாலான வண்டிகளை. எஸ்யூவி உயரமாக இருக்கிறதே என்ற தைரியம் வேண்டாம், டயர் பெரிதாக இருந்தால் மிதப்பதும் சுலபம்.

காப்பீட்டை இந்த வாரம் எடுத்தால் இந்தப் புயலுக்கு உதவாது. வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது, கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டுக்கு 30 நாள் காத்திருப்பு, அதிலும் பேஸ்மென்டில் வைத்த சாமான்களுக்குப் பெரும்பாலும் எதுவும் தேறாது. எடுப்பதென்றால் மே மாதம் எடுங்கள்.

மதிப்பெண் கேட்டால், மழைக் கணிப்புக்கு ஐந்துக்கு ஐந்து, ஆற்றுத் தளத்துக்கு நாலு, அதையெல்லாம் சாதாரண ஆளுக்குக் கொண்டுசேர்ப்பதில் இரண்டரை. 2025-ல் ஆட்குறைப்பால் பல நூறு பேர் வெளியேறினார்கள், சில அலுவலகங்களில் தினம் இருமுறை விடும் வானிலை பலூன் ஒருமுறையானது. வரைபடம் பார்க்க அப்படியேதான் இருக்கும், அதனால் டிஸ்கஷனில் நிச்சயமின்மை பற்றிய வரிகளை இன்னும் கூர்ந்து படியுங்கள்.

மழை நின்ற மறுநாள் காலையில் பேஸ்மென்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்றால், அது சுவர்ப் பிளக்கின் உயரத்தைத் தொட்டிருக்கிறதா என்று படியில் நின்றே பாருங்கள். தொட்டிருந்தால் மின்சாரக் கம்பெனிக்காரர் இணைப்பைத் துண்டிக்கும்வரை காலை வைக்காதீர்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலிருந்து இருபது அடி தள்ளி வெளியில் ஓட்டுங்கள், கராஜுக்குள் வேண்டவே வேண்டாம். ஆற்றோரம் இருப்பவர்கள் தண்ணீரை இறைக்கத் தொடங்குவதற்கு முன் அளவுமானிப் பக்கத்தை ஒருதரம் திறந்து பார்த்துவிடுங்கள், ராரிட்டன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.